வாசிப்புப் பாடத்தை மாற்ற நினைக்கும் தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு: கேள்வி பதில்

தலைமை ஆசிரியை, தருமபுரி: அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகள் நடக்கின்றன; பிள்ளைகளின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தும் இருக்கிறோம். ஆனாலும் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஹெச்.எம். என்ற முறையில் நான் எங்கே தொடங்குவது?

பதில்: பிள்ளைக்கு அருகில் உட்காருவதில் தொடங்குங்கள் டீச்சர். நோட்டு திருத்தியிருக்கிறதா, சுவரில் அட்டை தொங்குகிறதா என்பதெல்லாம் பிறகு.

ஒரு தாளில் பத்து உயிர்மெய், பத்துச் சொற்கள் எழுதிக்கொள்ளுங்கள். சொற்களில் நான்கைந்து பொருளற்றவையாக இருக்கட்டும்: மூதம், கெபை, தோறிசு, இப்படி. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். சரியா தவறா என்று மட்டும் குறிக்காமல், பிள்ளை வாயில் வந்ததை அப்படியே எழுதுங்கள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று வாசித்தால் புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிடுகிறான். 'கொடி' என்பதைக் 'கெரடி' என்று வாசித்தால் துணைக்காலை ர என்று நினைக்கிறான். 'கௌ' என்பதைக் 'கெள' என்பவனுக்கும் அதே வகைச் சிக்கல்தான், அங்கே ள. மூவருக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு. குழுவைத் தவறின் வகைப்படி பிரியுங்கள், மதிப்பெண்படி வேண்டாம். மூன்று வாரம் கழித்து வேறு சொற்களோடு திரும்பக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். பத்து முறை கேட்ட பாடத்தைப் பிள்ளை பாராமலே சொல்லும்.

இடைநிலை ஆசிரியர், தேனி: 247 எழுத்தையும் முடித்துவிட்டுச் சொல்லுக்குப் போகலாமா, இடையிலேயே போகலாமா?

பதில்: முதல் வாரத்திலேயே போகலாம். ப, ம, ட, க, த என்று ஐந்து எழுத்து, கூடவே புள்ளி. படம், மடம், தடம், பட்டம், கட்டம், பக்கம், பதக்கம் வந்துவிட்டன. துணைக்காலைச் சேர்த்தால் பாடம், காகம், மாதம், தாத்தா. அ ஒன்றைச் சேர்த்தால் அம்மா, அப்பா, அக்கா. எட்டே வடிவங்கள்!

அடுத்து மேல்விலங்கு (கி-யில் வரும் குறி), பிறகு சுழி (கீ-யில் வருவது). உகர வரிசையில் நிதானம் வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரே குறி இல்லை. சு, பு, யு, வு, ஙு ஒரு குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று. து, நு, ணு, லு, று, னு, ஞு மற்றொன்று. குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள். கொம்பு வரிசை கடைசியில். அங்கே குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கரும்பலகையில் 'த' எழுதி, ஒற்றைக்கொம்பை வேறு நிறச் சாக்பீஸில் முன்னால் போட்டு, "முன்னால் எழுதுவோம், பின்னால் சொல்லுவோம்" என்று கைவைத்துக் காட்டுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்: அ, ஆ-வில் தொடங்குவதுதானே நம் மரபு? தொல்காப்பியர் காலத்து வரிசையைக் கலைத்துவிட்டு ட, ப, ம என்று தொடங்கினால் பிள்ளைக்கு நெடுங்கணக்கே தெரியாமல் போகும்.

பதில்: ஐயா, வரிசையைக் கலைக்கவே வேண்டாம். பாட்டாகத் தினமும் சொல்லட்டும், அகராதி பார்க்க அது வேண்டும். நான் சொல்வது வாசிக்கக் கற்கும் வரிசையை. தமிழ்ச் சொல்லில் உயிரெழுத்து முதலில்தான் நிற்கும். இடையிலும் கடையிலும் உயிர்மெய்யாகத்தான் வரும். அதனால் பன்னிரண்டு உயிரை மட்டும் படித்த பிள்ளையால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் வாசிக்க முடியாது. இரண்டு மாதம் உழைத்தும் ஒரு 'படம்' கூடக் கைக்கு வராது. அந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளை எழுத்தை ஒலியோடு இணைக்காமல் படத்தோடு இணைக்கப் பழகுகிறது: அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு.

அதே ஆசிரியர்: படம் இல்லாமல் எழுத்து மனத்தில் நிற்காது. அணிலைப் பார்த்துத்தான் அ-வை நினைவில் வைக்கிறான்.

பதில்: எழுத்தை அறிமுகப்படுத்தும் நாளில் படம் இருக்கட்டும், மறுநாள் மறைத்துவிடுங்கள். முதலெழுத்தையும் படத்தையும் பார்த்துச் சொல்லை ஊகிப்பது தடுமாறும் வாசகனின் பழக்கம். அமெரிக்கப் பள்ளிகள் பல ஆண்டுகள் இந்த ஊகத்தையே உத்தியாகக் கற்றுக்கொடுத்தன. பல மாநிலங்கள் இன்று சட்டம் போட்டு அதை விலக்குகின்றன. எழுதிப் பழகுவதையும் பாருங்கள். ட இரண்டு கோடு. அ-வில் சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் உண்டு. ஐந்து வயதுக் கைக்கு எது முதலில் வரும்?

அதே ஆசிரியர்: எழுதும் எளிமையை ஏற்கிறேன். ஆனால் ஆத்திசூடி ஒப்பித்தல் பயனற்றது என்பதை ஏற்கமாட்டேன்.

பதில்: பயனற்றது என்று நான் சொல்லவில்லை ஐயா. அது செவிக்கும் சொல்வளத்துக்கும் மிக நல்லது. ஒப்பித்ததை வாசித்ததாகப் பதிவேட்டில் எழுதுவதுதான் கூடாது.

தலைமை ஆசிரியர், கடலூர்: எங்கள் பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறார்கள். மாற்ற வேண்டுமா?

பதில்: புதுத் தாளில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

வட்டார வளமைய ஆசிரியர்: ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத்தின் இலக்குப்படி மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும். தமிழில் அது எட்டவில்லையே?

பதில்: தமிழ்ச் சொல்லின் நீளத்தைப் பாருங்கள். 'வந்துகொண்டிருந்தார்கள்' ஒரு சொல், பன்னிரண்டு எழுத்து. இந்தியில் இதே பொருளை மூன்று சிறு சொற்களாகப் பிரித்து எழுதுவார்கள். பள்ளிக்குள் சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள், அதே பிள்ளையின் சென்ற மாத எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மேலே அனுப்பும் படிவத்தில் சொல் கணக்கு கேட்டால் அதையும் கொடுங்கள்.

ஆசிரியை, திருப்பூர்: வட மாநிலப் பிள்ளைகள் 'காகம்' என்பதில் இரண்டு க-வையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

பதில்: நம் காது தானாகச் செய்வதை அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வலித்து ஒலிக்கும். இடையில் தனித்து வந்தாலும் மெல்லினத்துக்குப் பின் வந்தாலும் மெலிந்து ஒலிக்கும். காகம், பக்கம், தங்கம் மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்ல வையுங்கள்.

தலைமை ஆசிரியை, நாகை: நான்காம் வகுப்பில் தவறில்லாமல் வாசிக்கிறான், என்ன புரிந்தது என்றால் விழிக்கிறான்.

பதில்: வாசிப்பு ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் 1986-இல் சொன்ன கணக்கு இங்கே உதவும்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. எது பூச்சியமானாலும் விடை பூச்சியம். அதே பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டிக் கேள்வி கேளுங்கள். அப்போதும் விழித்தால் குறை மொழியில்.

பிள்ளை வீட்டில் பேசுவது 'போனான்', புத்தகத்தில் இருப்பது 'சென்றான்'. இந்த இடைவெளியைக் காதால்தான் நிரப்ப முடியும். தினமும் பத்து நிமிடம் ஆசிரியர் கதை வாசித்துக்காட்டட்டும். மூன்று சொல்லில் நிறுத்தி விளக்கட்டும். 'சென்றான்' என்பதைப் 'போனான்' என்று வாசிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள், பொருள் அவனுக்குப் பிடிபட்டிருக்கிறது. எழுத்தைக் காட்டித் திரும்ப வாசிக்க வையுங்கள்.

ஒரு தாய்: ஏழு வயது. எழுத்துகள் மாறி மாறிப் போகின்றன. டிஸ்லெக்ஸியா என்கிற வாசிப்புக் குறைபாடா?

பதில்: இங்கிருந்து சொல்ல முடியாதம்மா. முதலில் கண், காது பரிசோதனை. பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவர். அதுவரை மேலே சொன்ன பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

தலைமை ஆசிரியர், மதுரை: அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளை நிறுத்திவைத்துத்தான் முன்னேறியதாமே?

பதில்: 2013-இல் வந்த சட்டத்தில் அதுவும் இருந்தது. கூடவே ஆசிரியர்களுக்கு நீண்ட பயிற்சி, ஆண்டுக்கு மூன்று முறை சோதனை, பின்தங்கிய பள்ளிகளில் வகுப்பறைக்குள்ளேயே நின்று உதவும் பயிற்றுநர்கள். நான்காம் வகுப்பு வாசிப்பில் ஏறக்குறையக் கடைசியில் இருந்த மாநிலம் 2019-இல் தேசிய சராசரியைத் தொட்டது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பயிற்றுநரை. உங்கள் பள்ளியில் அந்த வேலையை வாரம் இரண்டு பாடவேளை நீங்களே செய்யலாம்.

ஆசிரியர், விழுப்புரம்: எங்கள் பிள்ளைகள் புத்தகம் முழுவதும் சரளமாக...

பதில்: புதுத் தாள், ஐயா. இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

தலைமை ஆசிரியை, சேலம்: அந்தத் தாள் எங்கே கிடைக்கும்?

பதில்: வாங்க வேண்டாம். நாளைக் காலை இதைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவராக அருகில் அழைத்து மெதுவான குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர் காதில் விழுந்தால் அடுத்த பிள்ளை கேட்டதைச் சொல்லிவிடும். பக்கம், பாகம், தொட்டி, கௌதாரி, மேடு, பூனை, கெபை, தோறிசு, மூதம், நைபுல்.