சித்தப்பாவுக்கு மேடை கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு நான்தான் செயலாளர். போன கூட்டத்தில் என் சித்தப்பா எழுந்து, தடுப்பூசி எல்லாமே மருந்து கம்பெனிகளின் வியாபாரம், போலியோ சொட்டு மருந்தும் ஏமாற்றுதான் என்று பேசினார். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். "புகையால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்களும் விஞ்ஞானம் படித்தவர்கள்தானே? இன்றைக்கு மட்டும் உண்மை சொல்வார்களா?" என்று அவர் கேட்டதும் கைதட்டல் எழுந்தது. அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்கிறார். வட்டத்தில் பாதிப் பேர், படிக்காதவருக்கு அறிவியல் மேடை எதற்கு, பேசினால் போலீசில் புகார் கொடுப்போம் என்கிறார்கள். சித்தப்பாவோ அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவைச் சொல்லி வாதாடுகிறார். கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு வரும் பெண்கள் இருக்கிறார்கள். மறுத்தால் குடும்பத்தில் சண்டை, அனுமதித்தால் மனசாட்சி உறுத்தும். நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் போலீஸ் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். புத்தகம் படிக்கக் கூடுகிறவர்கள், எதிர்க்கருத்து ஒன்று வந்ததும் காவல் நிலையத்துக்கு வழி கேட்பது வெட்கக்கேடு. பேச்சுரிமைக்கு அரசு எந்தெந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பட்டியலே போட்டிருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று போகிறது அது. தவறான கருத்து என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தப்பாகப் பேசுவது குற்றமென்றால் நம்மில் எத்தனை பேர் இரவு வீடு திரும்புவோம்?

பக்கத்துப் புதுச்சேரியில் நடந்தது உங்கள் உறுப்பினர்களுக்கு நினைவிருக்கலாம். 2012-ல் ஓர் அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி இணையத்தில் ஒரு வரி எழுதியதற்காக, அந்த ஊரின் சிறுதொழில் உரிமையாளர் ஒருவரைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் கைது செய்தார்கள். அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று தூக்கி எறிந்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, குற்றம் செய்யத் தூண்டுவது வேறு. மூன்றாவது கட்டத்தை எட்டினால்தான் சட்டம் குறுக்கே வரலாம் என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. உங்கள் சித்தப்பா இரண்டாவது கட்டத்தில் நிற்கிறார்.

அதற்காக அவர் 19-ஆவது பிரிவை உங்கள் மீது வீசுவதையும் ஏற்க வேண்டியதில்லை. அரசு வாயை அடைக்கக் கூடாது என்பதற்காகப் பிறந்த உரிமை அது. பத்தாண்டு புதுச்சேரியில் ஒதுங்கி வாழ்ந்த பாரதி 1918 நவம்பரில் எல்லை தாண்டி வந்தபோது, வெள்ளைக்கார அரசு அவரைப் பிடித்துப் போட்டது உங்கள் கடலூர் சிறையில்தான். அது கருத்துரிமைப் பறிப்பு. ஒரு வாசகர் வட்டத்தின் செயலாளர் "ஒரு மணி நேரம் முடியாது சித்தப்பா, இருபது நிமிடம்தான்" என்று சொல்வது கூட்டம் நடத்துவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பாரதிக்குத்தான் அவமானம்.

சட்டம் போதும். அவருடைய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி. கைதட்டியவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிப்காட்டை ஒட்டிய ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் மக்கள் ஆண்டுக்கணக்கில் நாற்றத்தோடு வாழ்ந்தார்கள். கூமுட்டை நாற்றம், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம், நகச்சாய வாடை என்று வகை பிரித்துச் சொல்லும் அளவுக்கு மூக்கு பழகியிருந்தது. புகார் செய்தபோதெல்லாம் அவர்கள் கேட்ட பதில், "ஆதாரம் இருக்கிறதா?" என்பதுதான். உங்கள் வட்டத்துப் படித்தவர்கள் இன்று சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லும் "உனக்கு என்ன தெரியும்" என்பதும் அதே குரல்தான். அந்தக் குரலை ஆலை வாசலிலேயே கேட்டுப் பழகிய மனிதர் அவர். அவருக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்தக் கிராமத்து மக்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை அவர் கூட்டத்தில் சொன்னாரா? விஞ்ஞானமே பொய் என்று கையை உதறிவிட்டு அவர்கள் உட்காரவில்லை. எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், எந்த மாதிரி நாற்றம் வந்தது என்று குறித்து வைத்தார்கள். 2004-ல் வாளியில் காற்றுப் பிடித்தார்கள். மூடி போட்ட சாதாரண பிளாஸ்டிக் வாளி, உள்ளே அதற்கென்றே செய்த ஒரு பை. வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சினால், பை தானாக உப்பி வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பையை அமெரிக்காவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை உட்பட, நச்சு வேதிப்பொருள்கள் பல அந்தக் காற்றில் இருந்ததாக அறிக்கை வந்தது. ஆதாரம் கேட்டவர்கள் முன்னால் ஆதாரத்தை வைத்த பிறகுதான் பேச்சின் தொனி மாறியது.

நீங்கள் வேதியியல் ஆசிரியை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் கூமுட்டை நாற்றம். அளவு மிஞ்சிப் போனால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் தெரியாது. வாடை நின்றுவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விடும் வேளைதான் உயிருக்கு ஆபத்தான வேளை. ஆலையில் இருந்தவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். மூக்கை நம்பிப் புகார் சொல்லத் தொடங்கலாம், மூக்கை மட்டும் நம்பி முடிவுக்கு வர முடியாது. சிப்காட் மக்களின் அனுபவத்தைத் துணைக்கு அழைத்தால், அவர்கள் பிடித்த வாளியையும் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். தடுப்பூசி விஷயத்தில் அவருடைய வாளி எங்கே?

தடுப்பூசியை எதிர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அது படிக்காதவர்களின் வேலையும் இல்லை. 1955-ல் நாடு முழுவதும் காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, அதைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதியவர் யார் தெரியுமா? அதற்கு முந்தைய ஆண்டு வரை சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ராஜாஜி. அந்த ஊசி தயாரான கூடமோ அவர் வாழ்ந்த சென்னையின் கிண்டியிலேயே இருந்தது. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் திட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றார். ஒரே கட்சிக்காரர்கள், விடுதலைப் போரில் சிறை சென்றவர்கள், மோதிக்கொண்டார்கள். ராஜாஜியை யாரும் வாய்மூட வைக்கவில்லை, ஊசி போடுவதும் நிற்கவில்லை.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் கலந்துகொண்டார்கள். சிலருக்கு உண்மையான பி.சி.ஜி., சிலருக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. 1979-ல் முதல் முடிவு வெளியானபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. ராஜாஜி அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1972-லேயே மறைந்துவிட்டார்.

அப்படியானால் அவர் சொன்னது சரிதானே என்று உங்கள் சித்தப்பா துள்ளி எழுவார். எழட்டும். பெரியவர்களைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடம் இருந்தது என்று நிரூபணமானது, நிரூபித்தது விஞ்ஞானிகளே. ஊசி போட்டவர்களே ஊசிக்கு எதிரான முடிவை அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தார்கள். எல்லாரும் கம்பெனிக்கு விலைபோனவர்கள் என்றால் அந்த அறிக்கை குப்பைக்கூடைக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? அதே பி.சி.ஜி., பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலிருந்து காக்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்த ஊசி, யாருக்கு, எந்த நோய்க்கு என்று கேட்டால் வரும்.

போலியோவுக்கும் இதே நேர்மை வேண்டும். சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். மிக மிக அரிதாக அதுவே இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கிவிடுவது உண்டு. இதை நீங்கள் மறைத்தால் அவர் தேடி எடுத்து வந்து மேடையில் போட்டு உடைப்பார், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதோடு மற்றதையும் சொல்லுங்கள்: இந்தக் காரணத்தையும் கருதித்தான் 2015 நவம்பரில் இந்தியா போலியோ ஊசியையும் அட்டவணையில் சேர்க்கத் தொடங்கியது, 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கியது. இந்த நாட்டில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. உங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் காலைச் சாய்த்து நடப்பவர் யாராவது இருக்கலாம். பத்து வயதுக் குழந்தைகளில் அப்படி யாரையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, கூட்டத்தை எப்படி நடத்துவது? தயவுசெய்து பட்டிமன்றம் மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் ஊரில் எதற்கும் இரண்டு அணி பிரித்து, நடுவரை உட்காரவைத்து, கடைசியில் "இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, இருந்தாலும்..." என்று முடித்துக் கைதட்டல் வாங்குகிற பழக்கம் இருக்கிறது. மாமியாரா மருமகளா என்பதற்கு அது பொருந்தும். தட்டம்மை ஊசி வேலை செய்கிறதா என்பதைக் கைதட்டலின் சத்தத்தால் தீர்க்க முடியாது. நன்றாகப் பேசுகிறவர் ஜெயிப்பார், உங்கள் சித்தப்பா நன்றாகப் பேசுகிறார் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

தனி உரை வேண்டாம். இருபது நிமிடம் அவர் பேசட்டும், அதே அளவு நேரம் அவையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, தான் சொல்லப்போகும் முக்கியமான விஷயங்களை, எங்கே படித்தார் என்பதோடு ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். இந்த விதி அவருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. இனி உடல்நலம் பற்றி யார் பேசினாலும் இதுதான் என்று வட்டத்தில் தீர்மானம் போடுங்கள். சொந்தச் சித்தப்பா விவகாரம் என்பதால், அன்றைய கூட்டத்தை நீங்கள் நடத்தாமல் வேறொருவரிடம் விடுவது நல்லது.

அதே மேடைக்கு உங்கள் பகுதியின் சுகாதார செவிலியரையும் அழையுங்கள். பெரிய டாக்டர் வேண்டாம். டாக்டர் வந்தால் "படித்தவர் எதிர் பாமரர்" என்ற பழைய நாடகம் மறுபடி தொடங்கிவிடும். செவிலியர் புதன்கிழமைதோறும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊசி போடுகிறவர், எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்த முகம். சொட்டு மருந்துக் குப்பி ஒன்றின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் ஊதா நிறத்தில் ஒரு சிறு வட்டம், அதன் நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு சதுரம் இருக்கும். குப்பி வெப்பத்தில் கிடந்தால் சதுரம் மெல்ல மெல்லக் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்த மருந்தைத் தொடக் கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும். என்னை எப்போது நம்பக் கூடாது என்பதைத் தன் மேலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது அந்தக் குப்பி. இதைக் கையில் வாங்கிப் பார்க்கும் தாய்க்கு, கம்பெனிச் சூழ்ச்சி பற்றிய ஒரு மணி நேரப் பேச்சைவிட அதிகம் புரியும். அந்தக் குப்பியை உங்கள் சித்தப்பாவின் கையிலும் கொடுங்கள். ஸ்டோரில் காலாவதித் தேதி பார்த்தே காலம் கழித்தவர், ஆர்வமாகத் திருப்பிப் பார்ப்பார்.

ஒரே ஓர் எல்லையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேடையில் பேசுவது வேறு, குறிப்பிட்ட ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று "புதன்கிழமை குழந்தையைக் கொண்டுபோகாதே" என்று சொல்வது வேறு. அப்படி நடந்தால் அவரோடு வாதாடி நேரத்தைப் போக்காமல் நேராக அந்தத் தாயிடம் போய்ப் பேசுங்கள், செவிலியரையும் கூட அழைத்துக்கொண்டு.

கூட்டத்துக்கு முன்னால் வீட்டில் ஒருமுறை அவரோடு தனியாக உட்காருங்கள். புள்ளிவிவரம் எடுத்துப் போகாதீர்கள். ஆலையில் என்ன நடந்தது, யார் என்ன சொல்லி ஏமாற்றினார்கள் என்று கேளுங்கள்; முழுவதையும் சொல்லி முடிக்க விடுங்கள். அதன்பிறகு ஒரே ஒரு கேள்வி: "அந்த வாளிக் காற்றில் ஒன்றுமே இல்லை என்று அறிக்கை வந்திருந்தால், நீங்கள் ஏற்றிருப்பீர்களா சித்தப்பா?" ஏற்றிருப்பேன் என்றால் அவரோடு பேசலாம், பேசிக்கொண்டே இருக்கலாம். அப்போதும் ஏற்றிருக்க மாட்டேன் என்றால், அவர் கோபம் தடுப்பூசி மீது இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதைக் கூட்டத்தில் தீர்க்க முடியாது.

எழுதித் தர மாட்டேன், கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தால் தேதி கொடுக்காதீர்கள். அந்த முடிவை வட்டத்தின் வேறு யாரோ போய்ச் சொல்லி அவர் காதுக்கு எட்டக் கூடாது. அன்று மாலையே நீங்கள் நேரில் போய், சித்தியும் பக்கத்தில் இருக்கும்போது, உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.