கொம்புமுறியில் காளைக்கு என்ன வேலை?

அண்ணா, வணக்கம். தரம் 10 பிள்ளைகளுக்கு, எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கண்ணகிக்காக ஆடும் கொம்புமுறி விளையாட்டு பற்றி ஒப்படை கொடுத்தேன். பாதிப் பேர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு அப்படியே எழுதி வந்திருக்கிறார்கள். வசனம்கூட மாறவில்லை. அதிபர் தடை போடலாம் என்கிறார். திறந்த கல்வி என்று எழுதும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்புள்ள டீச்சர்,

கடிதம் வந்த இரவே நானும் ஒரு செயலியிடம் கேட்டுப் பார்த்தேன். காளையின் கொம்பைப் பிடித்து அடக்கும் வீர விளையாட்டாம்! பந்தி பந்தியாகச் சொன்னது. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஊர் இரண்டு அணியாகி, வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறுபக்கம் நின்று, ஒன்று முறியும்வரை இழுப்பதில் காளை எங்கே வந்தது?

அது வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. படித்த எழுத்துகளை வைத்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து அடுக்குகிறது. ஒளித்தொகுப்பு பற்றி உலகமே எழுதி வைத்திருக்கிறது. அதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். முல்லைக்காரன், வட்டவிதானை என்று நம் வயல்வெளிப் பொறுப்பாளர்களைப் பற்றிக் கேட்டால் தடுமாறும். நாம் எழுதி வெளியே வைத்தது அவ்வளவுதான்.

தடை எனக்குச் சரியாகப் படவில்லை. பாடசாலை விட்டதும் போன் கைக்கு வந்துவிடும். ஒப்படையை மாற்றுங்கள். செயலி சொன்னதை ஒரு பக்கத்தில் ஒட்டட்டும். எது பிழை, யாரிடம் கேட்டுத் திருத்தினோம் என்று எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். புள்ளி எதிர்ப்பக்கத்துக்கு மட்டும். பெயர், பாடசாலை, வீட்டுக்கதை எதையும் செயலியில் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இத்தகைய செயலிகளை வகுப்பில் பயன்படுத்தக் குறைந்த வயதாக யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டி சொல்லும் 13 வயதை உங்கள் பிள்ளைகள் தாண்டிவிட்டார்கள்; தம்பி தங்கைமார் தாண்டவில்லை.

அப்புறம், திறந்த கல்வி என்றீர்களே: இலவசம் வேறு, திறந்தது வேறு. அரசாங்கப் பாடநூல் இலவசம்தான், ஆனால் நாம் திருத்தி வெளியிட முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவில் முடியும்: மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் எவரும் எடுத்தாளலாம். பிள்ளைகள் திருத்தியதை அங்கே சேர்க்கலாமே. ஒரு சிக்கல்: "அம்மம்மா சொன்னா" என்றால் விக்கிப்பீடியா ஏற்காது, ஏற்கெனவே வெளியான, நம்பகமான சான்று கேட்கும். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' தளத்தில் பழைய கோயில் விழா மலர்களைத் தேடச் சொல்லுங்கள். அம்மம்மா சொன்னதையும் விட வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டு குரலைப் பதிந்து வையுங்கள்.

அடுத்த ஒப்படையை வைகாசிக்குத் தள்ளிப்போட முடியுமா? கண்ணகியைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்குக்கு ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் கண்ணகி கோயிலுக்கு வருவார்கள். கொம்பு இழுத்த கைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.