வண்டி கீழே, பிளக் மூன்றாவது மாடியில்

வியாசர்பாடியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே சார்ஜ் போட வசதி இல்லை. எந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம்?

வண்டி இருக்கட்டும், முதலில் ஹவுஸ் ஓனரிடம் பேசுங்கள். உங்கள் மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்து, எர்த்தோடு கீழே ஒரு பாயிண்ட் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கரண்ட் பில் தன் தலையில் விழாது என்று தெரிந்தால் பலர் ஒத்துக்கொள்வார்கள். 3 கிலோவாட்-ஹவர் (அதாவது 3 யூனிட்) பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப, வீணாவதையும் சேர்த்து மூன்றரை யூனிட் ஆகும், அவ்வளவுதான்.

அவர் மசியவில்லையா? அப்போது ஹீரோ கம்பெனியின் 'விடா' மாதிரி கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டி பாருங்கள். ஏதர், ஐக்யூப் இரண்டிலும் கழற்ற முடியாது. மாடலைப் பொறுத்து பேட்டரி ஒன்றோ இரண்டோ இருக்கும், ஒவ்வொன்றும் பத்து கிலோ பக்கம் வரும். லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தோடு மாடி ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஷோரூமிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம். போன வருஷம் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருவர் அப்படித் தொங்கவிட்ட பிளக்கைக் கொண்டுவந்தார். ஒரு பின் கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தது.

மகளுக்கு லைசென்ஸ் தேவையில்லாத வண்டி வாங்கலாமா? கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை வழியாகக் கல்லூரிக்குப் போக வேண்டும்.

வேண்டாம். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. கன்டெய்னர் லாரி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது 25-இல் உருட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். தெருவுக்குள் மார்க்கெட், டியூஷன் என்றால் சரி. "லைசென்ஸ் வேண்டாம் சார், ஆனா 45 போகும்" என்று கடைக்காரர் கண்ணடித்தால் அது சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய வண்டி, விபத்து நடந்தால் மாட்டுவது நீங்கள்தான். லைசென்ஸ் எடுக்கச் சொல்லி, பச்சை நம்பர் பிளேட் வண்டியே வாங்கிக் கொடுங்கள்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஓட்டலாமா? பேட்டரி ஐபி67 என்கிறார்கள்.

ஐபி67 என்பது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை. அதுவும் பேட்டரிக்குத்தான், வண்டி முழுக்க இல்லை. நம் ஊரில் தேங்குவது நல்ல தண்ணீரா என்ன? கனெக்டரும் பேரிங்கும் மெல்லக் கெட்டுப்போகும். சுற்றிப் போங்கள். வீட்டு வாசலிலேயே தண்ணீர் ஏறிவிட்டதென்றால் அன்றைக்கு சார்ஜ் போடவே வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

விளம்பரத்தில் 140 கிலோமீட்டர் என்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு பழவேற்காட்டுக்கும் போய்வர முடியுமா?

அந்த 140 ஆய்வுக்கூடத்தில் ரோலர் மேல் ஓட்டி எடுத்தது. நான் போடும் கணக்கு இது: தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 30 வாட்-ஹவர், பின்னால் ஆள் இருந்தால் 35, 40. அப்படியானால் 3 கிலோவாட்-ஹவர் பேட்டரி தனி ஆளுக்கு 100, இரண்டு பேருக்கு 75-லிருந்து 85 கிலோமீட்டர் தரும். கிண்டி போய்வர 45-தான், தாராளம்.

பழவேற்காடு மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போய்வர 90-ஐத் தாண்டும், அதனால் இந்த பேட்டரியில் இடிக்கும். 4 கிலோவாட்-ஹவருக்குப் பக்கத்தில் உள்ள பேட்டரியாக வாங்குங்கள். இல்லையென்றால் சார்ஜரை சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு, பொன்னேரியில் சாப்பிடும் கடையில் பிளக் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 கிலோமீட்டர் ஏறும். மீன் குழம்பை அவசரமில்லாமல் சாப்பிடலாம், பில்லில் கரண்டுக்கும் ஏதாவது சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.