சம்பளத்துக்கு மட்டும்தான் சங்கமா?

கேள்வி: ஆசிரியர் சங்கங்கள் தெருவுக்கு வருவதெல்லாம் சம்பளத்துக்காகத்தானே? பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு சங்கமாவது வேலைநிறுத்தம் செய்திருக்கிறதா?

பதில்: செய்திருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் சம்பளப் போராட்டமாகத்தான் தெரியும். 2012 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோவில் சுமார் 26,000 ஆசிரியர்கள் ஏழு பள்ளி நாட்கள் வேலைக்குப் போகவில்லை. சங்கத் தலைவர் கேரன் லூயிஸ், வேதியியல் பாடம் நடத்தியவர். ஒரே வகுப்பறையில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைப்பது, ஓவியமும் இசையும் இல்லாத பள்ளிகள், மாணவரின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடுவது, இவையெல்லாம்தான் அவர்களுடைய பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை. ஆனால் அந்த மாநிலத்தில் 2021 வரை இருந்த சட்டப்படி, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதைக் காரணம் காட்டி சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யவே முடியாது. சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்யலாம், நெரிசலுக்காகச் செய்யக்கூடாது என்று சட்டத்தை எழுதி வைத்துவிட்டு, அப்புறம் இவர்களுக்குப் பணம்தான் குறி என்று சொன்னால் எப்படி? கடைசியில் வந்த ஒப்பந்தத்தில், பள்ளி திறக்கும் முதல் நாளே பாடப்புத்தகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அதைக்கூட போராடித்தான் எழுதி வாங்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

சம்பளம் கேட்பதும் தப்பில்லை. மாலையில் இன்னொரு வேலைக்கு ஓடுகிற ஆசிரியர் விடைத்தாளை எப்போது திருத்துவார்?

கேள்வி: தலைவர்கள் உள்ளே போய்க் கைகுலுக்கிவிட்டு வந்து "வெற்றி" என்று அறிவித்துவிடுகிறார்கள். கீழே இருக்கிற எங்களை யார் கேட்கிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, நானும் இதைத்தான் பெரிய கேள்வியாக நினைக்கிறேன். 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடிக் கிடந்தன. சட்டம் அனுமதிக்காத வேலைநிறுத்தம் அது. பள்ளியில் சாப்பிடுவதையே நம்பியிருக்கிற பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று ஆசிரியர்களே உணவுப் பைகள் கட்டிக் கொடுத்தார்கள். 27ஆம் தேதி ஆளுநரும் சங்கத் தலைவர்களும் உடன்பாடு வந்துவிட்டது, 5 சதவீத உயர்வு, பள்ளிக்குத் திரும்புங்கள் என்று அறிவித்தார்கள். ஆசிரியர்கள் திரும்பவில்லை. ஏறிக்கொண்டே போகும் மருத்துவக் காப்பீட்டுச் செலவுக்கு வழி என்ன, உயர்வு இன்னும் சட்டமாகவில்லையே என்று கேட்டார்கள். தலைவர்கள் பின்னால் வர வேண்டியதாயிற்று. மார்ச் 6ஆம் தேதி, மாநில ஊழியர்கள் எல்லோருக்கும் 5 சதவீதம் என்று சட்டம் நிறைவேறிய பிறகுதான் போராட்டம் முடிந்தது.

சிகாகோவில் இது வேறு மாதிரி நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன்பாட்டின் வரைவு சங்கப் பிரதிநிதிகள் முன்னால் வந்தபோது, அவர்கள் உடனே கை தூக்கவில்லை, படித்துப் பார்க்க அவகாசம் வேண்டும் என்றார்கள். வேலைநிறுத்தத்தை நிறுத்தச் சொல்லி மேயர் நீதிமன்றத்துக்கே போனார், வெளியே எவ்வளவோ அழுத்தம், ஆனாலும் தலைமை அந்த அவகாசத்தைக் கொடுத்தது. திங்கட்கிழமை பள்ளி வாசலில், நடைபாதையில், கையில் தாள்களோடு ஆசிரியர்கள் ஒவ்வொரு பிரிவாகப் படித்தார்கள். செவ்வாய்க்கிழமை பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், புதன்கிழமை ஆசிரியர்கள் பள்ளிக்குப் போனார்கள். உங்கள் சங்கத்திலும் இதைக் கேளுங்கள்: கையெழுத்துக்கு முன்னால் எங்கள் கையில் தாள் வருமா, எத்தனை நாள் முன்னால் வரும்? பதில் வராவிட்டால் அடுத்த சங்கத் தேர்தலில் நீங்களே நில்லுங்கள். கேரன் லூயிஸும் இருந்த தலைமையை 2010 தேர்தலில் தோற்கடித்து வந்தவர்தான்.

கேள்வி: புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் சங்கங்கள் எதிர்ப்பது ஏன்?

பதில்: எல்லாவற்றையும் எதிர்ப்பதில்லை. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளி என்ற யோசனையை 1988இல் நாடு முழுவதும் பேச வைத்தவரே ஒரு ஆசிரியர் சங்கத் தலைவர், ஆல்பர்ட் ஷாங்கர். சில ஆசிரியர்கள் சேர்ந்து, பொதுப்பள்ளிக்குள்ளேயே, புது முறைகளைச் சோதித்துப் பார்க்கட்டும் என்பதுதான் அவர் கேட்டது. லாபத்துக்கு நடத்தும் நிறுவனங்கள் அதற்குள் நுழைந்ததும் அவரே எதிர்த்தார். யோசனை ஆசிரியர் கையைவிட்டுப் போன இடத்தில்தான் எதிர்ப்பு தொடங்கியது.