காலண்டர் தாளில் வைத்த வரவு

கேள்வி: சீட்டு எடுத்த பணம் 3 லட்சத்தைத் தம்பிக்கு லேத் பட்டறை போடக் கொடுத்தேன். கேட்கும்போது தருவதாக 2023 செப்டம்பர் 11 தேதியிட்டுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தான். இரண்டு தீபாவளிக்கு, “வட்டிக்கு வைத்துக்கொள் அக்கா” என்று 5,000 ரூபாய் தந்தான். அவன் போனதும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். ஐப்பசியில் என் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்கிறார் அம்மா. அதற்கப்புறம் கேட்டால் போதாதா?
- ஓர் அக்கா, பொள்ளாச்சி

பதில்: போதாது. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, கேட்ட நாளிலிருந்துதான் வழக்குப் போடும் கெடு ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நோட்டில் போட்ட தேதியிலிருந்தே மூன்று வருடம் ஓடுகிறது. வருகிற செப்டம்பர் 11 உங்களுக்குக் கடைசி நாள். ஐப்பசி பிறக்கும்போது கோர்ட் வாசல் சாத்தியிருக்கும். தம்பி வாயே திறக்காவிட்டாலும், கெடு தாண்டிய வழக்கை நீதிபதி தள்ளித்தான் ஆக வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்பதெல்லாம் அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான். முதலில் போடும் வழக்குக்குக் கிடையாது.

“அவன் போனதும்” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் அவன் இருக்கும்போதே எழுதவில்லை? கணக்கு வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி கையில் பேனாவைக் கொடுக்கத்தான் கூச்சம். நீங்களே எழுதிய வரவு உங்கள் ஞாபகத்துக்கு உதவும், கோர்ட்டில் கெடுவை நீட்டிக்காது. பணம் கட்டியவனின் எழுத்தோ கையெழுத்தோ வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டு லிமிட்டேஷன் சட்டத்தின் 19-ஆவது பிரிவு. அந்த இரண்டாவது தீபாவளியன்று, நோட்டின் பின்பக்கம் தம்பி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைத்திருக்கும். ஒரே ஒரு வரி, தாயே! காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் இருப்பது தெரிந்த உங்களுக்கு, நோட்டுக்கும் பின்பக்கம் உண்டு என்று தெரியவில்லையா?

உங்கள் அம்மாவையும் ஒன்று கேட்க வேண்டும். மகளை வாயை மூடச் சொன்னவர், மகனைக் கொடுக்கச் சொன்னாரா? மருமகனை மடியில் உட்கார வைப்பது தாய்மாமன் கடமை. கடனைக் கேட்காமல் இருப்பதற்கு அவன் தரும் கூலியா அது? மாதாமாதம் வீட்டுச் செலவைச் சுருக்கிச் சீட்டுக் கட்டியவர் நீங்கள். அந்தப் பணத்தில் உங்கள் பிள்ளைக்குப் பங்கு உண்டு. தம்பி முகம் சுளிப்பானே என்று அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கையில் இருப்பதைக் கொடுக்கட்டும், ஆயிரமானாலும் சரி. நோட்டின் பின்பக்கம், வட்டிக்கு இவ்வளவு கட்டினேன், 3 லட்சம் அசல் பாக்கி இருக்கிறது என்று அவனே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். பணமே இல்லை என்றாலும், பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

மறுத்தால் அடுத்த நாளே வக்கீலிடம் போங்கள். நோட்டீஸ் அனுப்பிவிட்டோம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நோட்டீஸால் கெடு நிற்காது. செப்டம்பர் 11-க்குள் வழக்கே தாக்கலாகியிருக்க வேண்டும்.

போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் எழுதும்போது பக்கத்தில் இருக்கட்டும்.