ஓயாது அசைவது – ஒரு கடிதம்

அன்பின் ஐயா,

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 10 பெடியன் ஒருவன் கண்காட்சிக்கு ஒரு மெசின் செய்து கொண்டுவரப் போகிறானாம். மோட்டர் டைனமோவைச் சுற்றும், டைனமோ மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும், ஒருமுறை கையால் சுற்றிவிட்டால் போதும் என்கிறான். யூடியூப்பில் பார்த்திருக்கிறான். ஓடாது என்றேன். "வற்றாப்பளையில உப்புத் தண்ணியில விளக்கு எரியுதுதானே ரீச்சர், இது மட்டும் ஏன் ஓடாது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. அவனுடைய தகப்பன் தோட்டக்காரர். 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, இறைக்க வழியில்லாமல் மிளகாய்க் கன்றுகளைக் காயவிட்டவர். அதனால் அவனை ஏசவும் மனம் வரவில்லை.

தேடிப் பார்த்ததில் இதற்குப் 'பெர்பெத்துவும் மோபிலே' என்று ஒரு லத்தீன் பெயர் இருக்கிறது. அதே பெயரில் சங்கீதமும் இருக்கிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? உண்மையான பொருள் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

க.
முல்லைத்தீவு மாவட்டம்

*

அன்பின் ரீச்சர்,

விளக்கை முதலில் பார்த்துவிடுவோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்காகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கேற்றுகிறார்கள். நானும் போய்க் கும்பிட்டிருக்கிறேன். அதை ஒரு மெசின் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, பெட்டியில் போட்டு விலைக்கு விற்றதுமில்லை. அங்கேயும் கடற்கரைக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஆள் வேண்டும். பெடியனிடம் இதைச் சிரிக்காமல் சொல்லுங்கள். அவன் கேட்டது நல்ல கேள்வி.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'பெர்பெத்துவும்' என்பதில் 'பெர்' என்றால் ஊடாக, முழுக்க. அதோடு ஒட்டியிருப்பது 'பெத்தேரே' என்ற வினை: ஒன்றை நோக்கிப் போதல், தேடுதல். நடுவில் விடாமல் போய்க்கொண்டே இருப்பது என்று பொருள் வரும். லத்தீன்காரர்கள் இதை 'அறுபடாத' என்ற கருத்தில்தான் புழங்கினார்கள். ஓவிட் என்ற பழைய ரோமக் கவிஞர் தன்னுடைய நெடுங்கவிதையின் முதல் அடிகளிலேயே 'பெர்பெத்துவும் கார்மென்' வேண்டுமென்று தெய்வங்களைக் கேட்கிறார். இடையில் அறுந்துபோகாத பாட்டு என்பதுதான் அதற்கு அர்த்தம். சும்மா வருகிற பாட்டு என்று அவர் சொல்லவில்லை, பாடுகிறவருக்குத் தொண்டை நோகத்தான் செய்யும்.

'மோபிலே' என்பது 'மோவேரே', அதாவது அசைதல், அசைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. அசையக்கூடியது. நாம் கையில் கொண்டு திரிகிற மொபைலும் இதே சொல்தான், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து நம்முடைய சட்டைப் பைக்கும் வந்து சேர்ந்தது. அதை இரவில் சார்ஜில் போடாவிட்டால் விடியச் செத்துக் கிடக்கும். இன்னொரு பிள்ளையும் இந்தக் குடும்பத்தில் உண்டு. நிலையில்லாமல் அங்குமிங்கும் சாய்கிற சனத்தை லத்தீனில் 'மோபிலே வுல்குஸ்' என்பார்கள். 17 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை வெட்டிக் குறுக்கி 'மொப்' ஆக்கினார்கள். கலவரக் கும்பலுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

ஆக, இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்த்தால் 'அறுபடாமல் அசைவது'. இவ்வளவுதான். 'தானாக' என்றோ 'செலவில்லாமல்' என்றோ அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்த ஆசையைச் சொல்லுக்குள் கொண்டுபோய் வைத்தவர்கள் மனிதர்கள்.

தமிழில் 'நித்திய இயக்கம்', 'நிரந்தர இயக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. 'நித்திய' என்றவுடன் கோயில் பூசை ஞாபகம் வருகிறது, 'நிரந்தர' என்றால் அரசாங்க உத்தியோகம். அதைவிட, மூலச்சொல் இயக்கத்தைக் குறிக்கவில்லை, இயங்குகிற பொருளைக் குறிக்கிறது. லத்தீனில் அஃறிணைக்குத் தனி விகுதி உண்டு, 'பெர்பெத்துவும்', 'மோபிலே' இரண்டுமே அஃறிணை ஒருமை. நம்மிடமும் அதற்குச் சரிநிகராக 'அது' இருக்கிறது: 'ஓயாது அசைவது'. பாடப்புத்தகத்துக்கு நீளம் என்றால் 'ஓயாப்பொறி' என்று வையுங்கள். 'தானியங்கி' மட்டும் வேண்டாம், அது வாசலில் திறந்து மூடுகிற கதவுக்குப் போய்விட்டது.

இந்த 'மோபிலே' முதலில் வானத்தில் இருந்தது. பூமியை நடுவில் வைத்துக் கோள்களைச் சுற்றவிட்ட பழைய வானியலில், நட்சத்திரங்களுக்கும் வெளியே ஒரு கோளம் இருந்தது. நாளுக்கு ஒருதரம் சுற்றி, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதன் பெயர் 'பிரீமும் மோபிலே', முதலில் அசைவது. தலைக்கு மேலே ஒன்று இப்படி ஓயாமல் சுற்றுவதாக நம்புகிறவனுக்கு, கீழேயும் ஒன்று அப்படிச் சுற்றினால் என்ன என்ற எண்ணம் வராதா? 1269 இல் பியேர் தெ மாரிக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் காந்தத்தைப் பற்றி நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இத்தாலியில் லூசேரா என்ற நகரத்தை முற்றுகையிட்ட படையின் முகாமில் இருந்துகொண்டு எழுதியது. காந்தக்கல்லை உருண்டையாகச் செதுக்கி, வான்துருவத்துக்கு நேராக வைத்தால் அது வானத்தோடு சேர்ந்து தானே சுற்றும் என்றார். காந்தத்தால் ஓயாமல் சுற்றுகிற சில்லு ஒன்றையும் வரைந்தார். முற்றுகைக்கு நடுவில் இருந்துகொண்டு மனிசருக்கு இப்படியான யோசனைகள் வரும் என்பதில் வன்னிக்காரர் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம்முடைய பக்கத்தில் இரண்டாம் பாஸ்கரர் என்ற கணித மேதை, 1150 இல் எழுதிய சித்தாந்த சிரோமணி என்ற வானியல் நூலில், தானே சுற்றுகிற சில்லு ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பாரமில்லாத மரத்தில் சில்லு, உள்ளே துளையுள்ள ஆரக்கால்கள், ஒவ்வொன்றிலும் பாதிக்குப் பாதரசம். பிரம்மகுப்தர் 628 இலேயே இப்படி ஒன்றை எழுதிவிட்டார். சில்லு திரும்பும்போது ஒரு பக்கத்துப் பாதரசம் விளிம்புக்கு ஓடும், மற்றப் பக்கத்தில் அச்சுக்குக் கிட்ட வரும். விளிம்புப் பக்கம் எப்போதும் கனமாக இருப்பதால் சில்லு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று கிணற்றில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆடுகாலுக்கு மேலே கிடக்கிற துலாவில் ஏறி, நுனிப்பக்கம் நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும், அடிப்பக்கம் திரும்பி நடந்தால் மேலே வரும். நுனியில் ஒருவன் நின்றால் போதும், ஆடுகாலுக்குக் கிட்ட நிற்பதென்றால் இரண்டு மூன்று பேர் வேண்டும். பாதரசச் சில்லிலும் அதேதான் நடக்கிறது. பாதரசம் விளிம்புக்கு ஓடிப்போன ஆரக்கால்கள் எந்த நேரத்திலும் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும், அச்சுக்குக் கிட்ட வந்தவை கூடவாக இருக்கும். தூரத்தையும் பாரத்தையும் பெருக்கிக் கூட்டினால் இரண்டு பக்கமும் சரி. சில்லு கொஞ்ச நேரம் ஆடி நின்றுவிடும். துலாவில் மனிசன் நடக்கிறான். சில்லில் அப்படி நடக்க யாருமில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ஓயாப்பொறி இருந்தது. 1998 அளவில் மல்லாவியில் சித்தப்பா சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். பொருளாதாரத் தடைக் காலம். டோர்ச் பற்றரியைக் கண்ணால் காண முடியாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். டைனமோவின் இரைச்சலில் செய்தி கேட்காது என்று சித்தப்பா சைக்கிளைக் கிடுகுத் தட்டிக்குப் பின்னால் வைத்து, தட்டியில் ஓட்டை போட்டு வயரை முன்னுக்கு எடுத்திருந்தார். நடுவில் நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும். முன்பக்கம் பத்துப் பதினைந்து ஆக்கள் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். பின்பக்கம் நுளம்புக்குள் நான். கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவருடைய குரல் கிணற்றுக்குள் போய்விடும், உடனே தட்டியில் யாராவது தட்டுவார்கள். இடம்பெயர்ந்து வந்த ஒரு வயதான அம்மா நெடுநாளாக அந்த ரேடியோ தானாகப் பாடுகிறது என்றே நினைத்திருந்தார். சித்தப்பாவும் திருத்தவில்லை.

அந்தச் சித்தப்பாதான் ஒருநாள், ஒரு கசெற் ரேப்பின் மோட்டரைக் கழற்றி, பட்டி மாட்டி, உங்கள் பெடியன் சொல்வதையே செய்தார். மோட்டர் சில்லைச் சுற்றும், சில்லு டைனமோவைச் சுற்றும், டைனமோ மோட்டருக்குக் கொடுக்கும். கையால் ஓங்கிச் சுற்றிவிட்டார். சில்லு சுற்றியது. எங்களுக்கு மூச்சு நின்றது. பதினேழு செக்கன். டைனமோவை ரயரிலிருந்து விலக்கிவிட்டுச் சும்மா சுற்றினால் அதே சில்லு ஒன்றரை நிமிடம் சுற்றும். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு "ஒயில் காணாது" என்றார். ஒயில் விட்டார். குண்டு மாற்றினார். அச்சை மாற்றினார். ஒரு மாரி முழுக்க இது நடந்தது.

டைனமோ ரயரில் முட்டியவுடன் பெடல் கனக்கும். பல்ப்பைக் கொளுவினால் இன்னும் கொஞ்சம் கனக்கும். என் தோள்மூட்டுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் கனம்தான் வெளிச்சமாகவும் சத்தமாகவும் மறுபக்கம் வருகிறது, அதுவும் முழுதாக வராது, உரசலிலும் சூட்டிலும் பாதிக்கு மேல் போய்விடும். கனக்காத பெடலில் கரண்ட் வராது. இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1847 இல் கணக்கோடு எழுதி வைத்தார், நீங்கள் சக்திக் காப்பு விதி என்று படிப்பிப்பது அதைத்தான். பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அதுவரைக்கும் பொறுக்கவில்லை, 1775 இலேயே 'இனிமேல் ஓயாப்பொறி விண்ணப்பங்களைப் பார்க்கமாட்டோம்' என்று முடிவெடுத்துவிட்டது. இன்னொரு வகையும் உண்டு. முல்லைத்தீவுக் கடல்நீரில் உள்ள சூட்டை மட்டும் உறிஞ்சி, குளிரான இடம் ஒன்றும் இல்லாமலே வள்ளம் ஓட்டுவது. சக்தியை அது புதிதாக உண்டாக்கவில்லை, ஆனாலும் ஓடாது. இதற்கு 'இரண்டாம் வகை' என்று பெயர் வைத்தவர் ஓஸ்வால்ட் என்ற இரசாயன விஞ்ஞானி. தரம் 10க்கு இப்போதைக்கு இது வேண்டாம்.

பெடியனுக்கு ஒரு கதை சொல்ல வேண்டுமென்றால் றெட்ஹெஃபருடைய கதையைச் சொல்லுங்கள். 1812 இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஓயாப்பொறி ஒன்றைக் காட்டிக் காசு வாங்கியவர். அங்கே பிடிபட்டதும் நியூயோர்க்குக்குப் போனார். நீராவிக் கப்பலால் பெயர்பெற்ற ரொபேர்ட் ஃபுல்டன் 1813 இல் அதைப் பார்க்க வந்தார். பார்த்ததைவிடக் காதுகொடுத்துக் கேட்டார் என்பதுதான் விசேசம். சத்தம் ஒரே சீராக இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கியது. கைபிடித்துச் சுற்றுகிற சில்லின் சத்தம் அப்படித்தான் இருக்கும். மெசினைச் சுவரோடு பிடித்திருந்த மெல்லிய பலகைகளை இழுத்துப் பிடுங்கினார். உள்ளே விலங்கு நரம்பாலான ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மேல்மாடி அறையில் தாடிவைத்த ஒரு கிழவர், ஒரு கையால் பாண்துண்டைத் தின்றுகொண்டு மறுகையால் சுற்றிக்கொண்டு இருந்தார். கூடியிருந்த சனம் மெசினை அடித்து நொறுக்கியது. றெட்ஹெஃபர் ஊரைவிட்டு ஓடினார். அந்தக் கிழவரை என்ன செய்தார்கள் என்று நான் வாசித்ததில் இல்லை, எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. நானும் தட்டிக்குப் பின்னால் இருந்தவன்.

சங்கீதத்தையும் கேட்டிருந்தீர்கள். ஒரே அளவான வேக சுரங்கள் மூச்சுவிட இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற உருப்படிகளுக்கு இந்தப் பெயர். பகனினி என்ற இத்தாலிய வயலின் வித்துவான் தன் வாத்தியத்துக்கு எழுதியது இத்தாலியப் பெயரில் 'மோட்டோ பெர்பெத்துவோ'. வியன்னாவின் இசையமைப்பாளர் ஜொகான் ஸ்ட்ராவுஸ் (அதே பெயருள்ள தகப்பன் அல்ல, மகன்) 1861 இல் எழுதியதற்கு 'சங்கீதப் பகிடி' என்று அவரே துணைப்பெயர் வைத்தார். அதற்கு முடிவே இல்லை, சுற்றிச்சுற்றி முதலுக்கே வரும். வாத்தியக் குழுவை நடத்துகிறவர் ஏதோ ஓரிடத்தில் கையைக் காட்டி, "இப்படியே போகும்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு நிறுத்துவார். ஓவிட் கேட்ட 'அறுபடாத பாட்டு' என்ற பழைய பொருளுக்கு இவர்கள்தான் கிட்ட நிற்கிறார்கள். வில் பிடிக்கிற கை வலிக்கும் என்பதை இவர்கள் மறைப்பதும் இல்லை.

கண்காட்சிக்கு அவனுடைய மெசினைக் கொண்டுவர விடுங்கள். பக்கத்தில் ஒரு சைக்கிளையும் கவிழ்த்து வையுங்கள். டைனமோ முட்டாமல் எவ்வளவு நேரம், முட்டினால் எவ்வளவு நேரம், பல்ப் கொளுவினால் எவ்வளவு நேரம், மோட்டரையும் சேர்த்தால் எவ்வளவு நேரம் என்று மொபைலில் அவனே பிடித்துப் பலகையில் எழுதட்டும். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் பெடலைத் தொட்டுச் சுற்றட்டும். தகப்பனுடைய தோட்டத்துக்கு வேண்டுமென்றால் சூரியத் தகடு வைத்து இறைக்கிறவர்கள் இப்போது வன்னியில் இருக்கிறார்கள், ஒருநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த மெசினுக்குத் தட்டிக்குப் பின்னால் நிற்கிறவர் யார் என்று அவனே மேலே பார்த்துச் சொல்லுவான்.

டைனமோ இல்லையென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. சைக்கிளும் ரேடியோவும் 2009 இல் வழியில் விட்டுவந்தவற்றோடு போய்விட்டன. சித்தப்பா எதற்கோ டைனமோவை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தார். உங்கள் கடிதத்தையும் இதுவரை எழுதிய பதிலையும் நேற்று அவருக்கு வாசித்துக் காட்டினேன். பாரிஸ் கழகத்தையும் ஹெல்ம்ஹோல்ட்ஸையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெடியனிட்ட சொல்லு, நல்ல தையல் மெசின் ஒயிலாப் பாத்து விடச்சொல்லி" என்றார்.