பெரிய இன்ஜினும் எட்டுக்கு நாலு பலகையும்

அன்புள்ள ஐயா,

நான் திருமங்கலத்தில் வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு மாதிரி ரயிலில் இறங்கியவன். அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர் ‘பிக் பாய்’ நீராவி இன்ஜினின் ஹெச்.ஓ. அளவு மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். 12 அடிக்கு 11 அடி மாடியறையின் நடுவில் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையை மேசையாக்கி, 18 அங்குல ஆரத்தில் வளைவுகள் அமைத்து, ஒரு பாதை மற்றொன்றின் மேல் ஏறிக் கடக்கும்படி 8 வடிவில் தண்டவாளம் போட்டிருக்கிறேன். ஏற்றம் 25-க்கு 1. இன்ஜின் ஆறு பெட்டிகளோடு ஏற்றத்தில் சக்கரம் சுற்றி நின்றுவிடுகிறது. வளைவிலேயே வைத்திருக்கும், பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில் முன்சக்கரங்கள் தடம்புரள்கின்றன. 18 அங்குலம் போதும் என்றுதான் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. இன்ஜினில் பழுதா? விற்றுவிட்டுச் சிறியதாக ஒன்று வாங்கலாமா? நம்மூர் இன்ஜின் இருக்க அமெரிக்க இன்ஜின் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதும் உறுத்துகிறது.

பி.கு.: அறைக்கதவு 11 அடிச் சுவரின் நடுவில் உள்ளது, வெளிப்புறமாகத் திறக்கும்.

கே., திருமங்கலம்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

இன்ஜினில் பழுது இல்லை என்றே நினைக்கிறேன். விற்கவும் வேண்டாம். விற்க வேண்டியது ஏதாவது இருந்தால் அது அந்த எட்டுக்கு நாலு பலகைதான். கடையில் அந்த அளவில் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்தால் உலகெங்கும் எத்தனையோ வீட்டு ரயில்பாதைகள் அந்தச் செவ்வகத்துக்குள் அடைபட்டிருக்கின்றன. நான்கடி அகலத்துக்குள் ஒரு முழுத் திருப்பம் வேண்டுமென்றால், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டது போக, ஆரம் 22 அங்குலத்தைத் தாண்டாது. வளைவின் அளவை நீங்கள் முடிவு செய்யவில்லை, பிளைவுட் கடை முடிவு செய்திருக்கிறது.

அசல் இன்ஜினைச் சற்று நினைத்துப் பாருங்கள். யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை கட்டப்பட்ட 25 இன்ஜின்களில் ஒவ்வொன்றும், கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டரோடு சேர்த்து, 40 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், நம் ஐ.சி.எஃப். பெட்டிகள் இரண்டை ஒட்டி நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். அவ்வளவு நீளத்தை வளைவில் திருப்புவதற்காகவே அதன் பதினாறு பெரிய சக்கரங்களை எட்டெட்டாக இரண்டு தொகுதிகளாகப் பிரித்தார்கள். பின்தொகுதி சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும்; முன்தொகுதி மட்டும் கொதிகலனின் அடியில் இடமும் வலமும் அசையும். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் அந்த இன்ஜின் திரும்பக்கூடிய மிகக் குறுகிய வளைவின் ஆரம் 88 மீட்டர். ஹெச்.ஓ. என்பது 87-இல் ஒரு பங்கு. ஆகவே உங்கள் அறையில் அந்த வளைவு 40 அங்குலம். நீங்கள் கொடுத்திருப்பதோ 18 அங்குலம், அதாவது அசல் உலகில் 40 மீட்டர். அந்த வளைவில் உண்மையான இன்ஜினை நிறுத்தினால் அது நகராது என்பது மட்டுமல்ல, தண்டவாளத்தில் நிற்கவே நிற்காது.

அப்படியானால் பெட்டியில் அச்சிட்டது பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை, ஒரு சமாளிப்பு. எட்டுக்கு நாலு பலகை வைத்திருப்பவர்களிடமும் விற்க வேண்டும் என்பதால், பல தயாரிப்பாளர்கள் மாதிரியில் இரண்டு சக்கரத் தொகுதிகளையும் அசையும்படி செய்துவிடுகிறார்கள். அதனால் இன்ஜின் திரும்புகிறது, ஆனால் கொதிகலனின் மூக்கு ஒரு முனையிலும் ஓட்டுநர் அறை மறுமுனையிலும் வளைவுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளிக்கொண்டு போகின்றன. இதற்குக் கணக்கு எளிது: ஆரம் இருமடங்கானால் வெளியே தள்ளுவது ஏறக்குறையப் பாதியாகும். முன்சக்கரங்கள் தடம்புரள்வதும் இதன் தொடர்ச்சிதான். அவை இன்ஜினின் எடையைப் பெரிதாகத் தாங்குவதில்லை. வழிகாட்டுவதே அவற்றின் வேலை. வளைவில் பக்கவாட்டின் எல்லை வரை ஏற்கெனவே தள்ளப்பட்டு வரும் சக்கரம், அதே இடத்தில் பாயிண்டின் நாக்கையும் சந்தித்தால் மேலேறி விழாமல் என்ன செய்யும்? பாயிண்டை வளைவிலிருந்து எடுத்து நேர்ப்பாதையில் வையுங்கள். வாங்கும்போது 4-ஆம் எண் வேண்டாம், 6-ஆம் எண்ணோ அதற்கு மேலோ கேளுங்கள். எண் கூடக்கூடப் பிரியும் கோணம் மென்மையாகும்.

ஏற்றத்தைப் பற்றி எனக்கு இரக்கமே இல்லை. யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையேற்றத்தில் துணை இன்ஜின் இல்லாமல் 3,600 டன் சரக்கை இழுப்பதற்காகவே பிக் பாயை வடிவமைத்தார்கள், அங்கே ஏற்றம் 1.14 சதவீதம், அதாவது 88-க்கு 1. நீங்கள் கேட்பது 4 சதவீதம், அதுவும் வளைவில். வளைவில் சக்கரங்கள் உரசும் தடையே இன்னும் கொஞ்சம் ஏற்றத்துக்குச் சமம். சிறுவனாக நான் போடி வண்டியில் போகும்போது, உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் நெருங்கியதும் இன்ஜினின் சத்தம் கனத்து, இடைவெளி விட்டு, ஒவ்வொரு மூச்சாக எண்ணும்படி கேட்கும். பெட்டியில் இருந்த பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்தி அதைக் கவனிப்பார்கள். அந்த ஏற்றமும் உங்கள் மேசையில் இருப்பதைப் போன்றதல்ல. சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினால் பிடிப்புக் கூடும் என்று சொல்வார்கள். கூடும்தான். ஆனால் அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது, நம் வெயிலில் ரப்பரும் நீடிக்காது. ஏற்றத்தையே எடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் அறையை அளந்து பார்ப்போம். நடுவில் இருக்கும் மேசையை எடுத்துவிட்டு, நான்கு சுவர்களையும் ஒட்டி நெஞ்சுயரத்தில் பரண் போல ஒரு பலகை ஓடட்டும். நீங்கள் நடுவில் நில்லுங்கள். சுவரிலிருந்து நாலரை அங்குலம் விட்டு 40 அங்குல ஆரத்தில் நான்கு மூலைகளையும் திருப்பினால், 11 அடிச் சுவரில் 43 அங்குலமும் 12 அடிச் சுவரில் 55 அங்குலமும் நேர்ப்பாதை மிஞ்சும். அசல் இன்ஜினின் எல்லை எதுவோ அதே வளைவு உங்கள் மாடியறையில் அடங்குகிறது! ஒரு சுற்று 37 அடி வரும். இப்போதைய 8 வடிவம் 20 அடியைச் சுற்றித்தான் இருக்கும். நானாக இருந்தால் 36 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச இடத்தில் நேர்ப்பாதையிலிருந்து வளைவு சட்டென்று தொடங்காமல் சிறிது சிறிதாக இறுகும்படி செய்வேன். நீண்ட இன்ஜின் வளைவுக்குள் நுழையும் அழகு அந்த ஓரடி தூரத்தில்தான் இருக்கிறது. மூலைகளில் மட்டும் பலகை முக்கோணமாக அகலும். மற்ற இடங்களில் ஒன்றரை அடி போதும். கை எட்டாத இடத்தில் தண்டவாளம் போடக் கூடாது.

இழப்பும் உண்டு. 8 வடிவம் போய்விடும், மேலே பாலம் கீழே ரயில் என்ற காட்சி போய்விடும், வருகிறவர்களுக்கு ஒரே பாதைதானா என்று தோன்றும். தோன்றட்டும். ஒரு பெரிய இன்ஜினுக்கு ஒரு பாதையும் இரண்டு பாயிண்டும் போதும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக ஓட்டினால் அந்த ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆக வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். இப்போது நீங்கள் ஓட்டும் வேகம் என்னவென்று தெரிந்து திடுக்கிடுவீர்கள்.

மின்சாரமும் வெப்பமும் சில வரிகளில். நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். செம்புக் கம்பி அளவுக்கு அது மின்சாரத்தைக் கடத்தாது. எனவே பலகைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி ஒரு ஜோடி சுற்றிவர, மூன்றடித் துண்டு ஒவ்வொன்றுக்கும் அதிலிருந்து தனி இணைப்புக் கொடுங்கள். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் மார்கழி விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும்; அதற்கு உங்கள் முழுச் சுற்றும் 4 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். சித்திரையில் பதித்தால் இணைப்புகளை நெருக்கியே வைக்கலாம். மார்கழியில் பதித்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள்.

நண்பர்களின் கேலிக்கு ஒரே பதில்: ஹெச்.ஓ.வின் 16.5 மில்லிமீட்டர் பாதை அமெரிக்காவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. நம் அகலப்பாதைக்கு அதே அளவில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். போடி வண்டி ஓடிய மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும், அது சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக விற்கப்படுவது. மீட்டர் கேஜில் ஓடிய நம்மூர் ஒய்.பி. நீராவி இன்ஜினை என்றாவது செய்தீர்களானால் தனிப் பாதையே போட வேண்டியிருக்கும். அதுவரை பிக் பாய் திருமங்கலத்தில் ஓடுவதில் ஒரு குறைவும் இல்லை.

கடைசியாகக் கதவு. 43 அங்குல நேர்ப்பாதையின் நடுவில் கதவு வருவது உங்கள் அதிர்ஷ்டம். அங்கே 36 அங்குலத்துக்கு ஒரு தூக்குப்பாலம் வையுங்கள். ஒரு பக்கம் கீல் போட்டு 1914-ஆம் ஆண்டுப் பாம்பன் பாலத்தின் ஒரு கை போல எழும்பச் செய்யலாம்; புதிய பாம்பன் பாலத்தைப் போலக் கிடையாக மேலே தூக்குவது வீட்டில் சிரமம். ஆனால் ஒன்று: பாலம் எழும்பியதும் பாலத்துக்கு மட்டுமல்லாமல், இரு பக்கமும் மூன்றடித் தண்டவாளத்துக்கும் மின்சாரம் தானாக நிற்கும்படி கீலிலேயே ஒரு சுவிட்சைப் பொருத்திவிடுங்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன். காபி கொண்டுவந்த என் மனைவி பாலத்தைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார். வளைவைத் தாண்டி வந்த என் இன்ஜின் அப்போது நிற்கவில்லை; டெண்டரை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.